எட்டு நிமிடமும் இரண்டு இடைக்கேள்வியும்: டர்பனில் மாணவர் விவாதங்களுக்கு நடுவராக இருந்து கற்றவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிள்ளை பள்ளியின் விவாத அணியில் சேர்ந்தால், வீட்டில் ஒருவர் நடுவராகத் தயாராகிவிட வேண்டியதுதான். எந்தப் போட்டிக்கும் நடுவர்கள் போதுவதில்லை. "ஆன்ட்டி, நீங்க சும்மா டைம் மட்டும் பாருங்க" என்று ஆரம்பிப்பார்கள். நானும் அப்படி ஸ்டாப்வாட்ச்சோடு உள்ளே போனவள்தான். பிறகு நடுவர் பயிற்சி, மூவர் குழுவில் ஓரத்து நாற்காலி, இப்போது சில நாட்களில் நடு நாற்காலி. விவாதம் நடப்பது ஆங்கிலத்தில். ஆனால் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, ரெட்டி என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் பாதிக்குப் பாதி நம்மவர்கள்.

சென்னையிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்கள், "பிள்ளை டிபேட்டில் சேர்ந்திருக்கிறான், என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாட்ஸாப்பில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியப் பள்ளிகளில் நடக்கும் இளையோர் நாடாளுமன்றத்தில் சபாநாயகர், பிரதமர், கேள்வி நேரம் எல்லாம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முன்கூட்டி எழுதி வைத்து நடிப்பது. பேச்சுப் போட்டியில் ஒருவர் பேசிவிட்டு இறங்கினால் அடுத்தவர் வேறு எதையோ பேசுவார். பட்டிமன்றத்தில் எதிராளிக்குப் பதில் உண்டு. ஆனால் கைதட்டல் வாங்கிவிட்டால் பதிலில் இருக்கும் ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை. நாடாளுமன்ற முறை விவாதத்தில் கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது. முன்னால் பேசியவர் சொன்னதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதுதான் கணக்கு. அதனால் மனப்பாடம் செய்துகொண்டு வரும் பேச்சு இங்கே உதவாது, பல சமயம் கெடுதலே செய்யும்.

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் பரவலாக இருப்பது வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறை. உலகப் பள்ளி விவாதப் போட்டிகள் 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கின. 2012-இல் கேப் டவுனிலும் நடந்திருக்கின்றன. அணிக்கு மூன்று பேச்சாளர்கள், ஆதரவு அணி ஒன்று, எதிரணி ஒன்று. இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறி ஆறு பேர் தலா 8 நிமிடம் பேசுவார்கள். அதன் பிறகு இரு அணிக்கும் தலா 4 நிமிடத் தொகுப்புரை. அதில் எதிரணிதான் முதலில் பேச வேண்டும், ஆதரவு அணிக்குக் கடைசி வார்த்தை. இதனால் எதிரணியின் மூன்றாவது பேச்சும் அதன் தொகுப்புரையும் அடுத்தடுத்து வந்து, 12 நிமிடம் ஒரே பக்கம் பேசியதாக ஆகும். பெற்றோர் பலருக்கு இது அநியாயமாகத் தெரியும். அப்படி இல்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் கேட்டுவிட்டு ஆதரவு அணி பதில் சொல்லப் போகிறது அல்லவா!

நேரம் பார்ப்பவருக்குத்தான் இந்த விளையாட்டின் அடிப்படை நன்றாகப் புரியும். 1 நிமிடம் முடிந்ததும் மேசையில் ஒரு தட்டு, 7 நிமிடத்தில் இன்னொரு தட்டு, 8-இல் இரட்டைத் தட்டு. முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் உள்ள ஆறு நிமிடத்தில் மற்ற அணியினர் எழுந்து நின்று இடைக்கேள்வி கேட்கலாம். பிள்ளைகள் இதை பி.ஓ.ஐ. (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்) என்பார்கள். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பேச்சாளருக்கே சொந்தம், யாரும் எழக்கூடாது. தொகுப்புரையில் இடைக்கேள்வியே கிடையாது. கேள்வி 15 விநாடிக்குள் முடிய வேண்டும். எழுந்தவரை ஏற்பதும் உட்காரச் சொல்வதும் பேசுகிறவர் விருப்பம். ஆனால் ஒரு பேச்சில் இரண்டையாவது ஏற்பது வழக்கம். ஒன்றையும் ஏற்காதவர் பயந்து ஓடுகிறார் என்று நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. 2015 பிப்ரவரி 12 அன்று கேப் டவுன் நாடாளுமன்றத்தில் ஜனாதிபதி உரையின்போது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாறி மாறி எழுந்து குறுக்கிட்டதையும், பாதுகாப்பு ஆட்கள் வந்து அவர்களை வெளியே இழுத்துச் சென்றதையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பிறகு "பாயின்ட் ஆஃப் ஆர்டர்!" (அவை விதி மீறப்படுகிறது என்ற ஆட்சேபம்) என்று கத்துவது வீட்டுச் சண்டையில்கூடப் புழங்கும் வேடிக்கையாகிவிட்டது. புதிதாக வரும் பிள்ளைகள் விவாதத்திலும் அதையே செய்கிறார்கள். வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறையில் பாயின்ட் ஆஃப் ஆர்டர் என்று ஒன்றே கிடையாது. எதிராளி விதியை மீறினால் அதைக் கவனிப்பது நடுவரின் வேலை. இருபது விநாடி இடைவெளிகூட விடாமல் மாறி மாறி எழுந்துகொண்டே இருந்தால், அது தொல்லை கொடுப்பதாகக் கருதப்பட்டு எழுந்த அணிக்குத்தான் பாதகம்.

எந்தப் பக்கம் பேசுவது என்பது பிள்ளைகள் கையில் இல்லை. நாணயம் சுண்டியோ அட்டவணைப்படியோதான் முடிவாகும். "எனக்கு நம்பிக்கை இல்லாததை நான் எப்படிப் பேசுவேன்?" என்று புதியவர்கள் எல்லோரும் கேட்பார்கள். இதற்கு ஒரு விவாதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் விதிகள் பலவும் கூடவே புரிந்துவிடும்.

பள்ளி விடுமுறையில், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு சமூகக் கூடத்தில் பயிற்சி விவாதம் வைத்திருந்தோம். தீர்மானம்: 1984-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் தேர்தலில் வாக்களித்திருக்க வேண்டும் என்று இந்த அவை கருதுகிறது. தெரியாதவர்களுக்கு: அப்போதைய நிறவெறி அரசு வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று மூன்று தனித்தனி அவைகள் கொண்ட நாடாளுமன்றத்தை அமைத்தது. அதில் இந்தியர் அவைதான் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ். பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு அதில் இடமே இல்லை. இந்தியர்களின் அரசியல் அமைப்பான நேட்டால் இந்தியன் காங்கிரஸும், நிறவெறியை எதிர்த்து 1983-இல் உருவான யு.டி.எஃப். கூட்டமைப்பும் புறக்கணிக்கச் சொன்னன. 1984 ஆகஸ்ட் 28 அன்று நடந்த தேர்தலில், பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார்கள். சாட்ஸ்வர்த் தாத்தா பாட்டிகளுக்கு இது பழைய பாடம் இல்லை, அவர்கள் வாழ்ந்த கதை. சிலர் பின் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆதரவு அணியின் இரண்டாவது பேச்சாளன் ஒரு பையன். அவனுடைய தாத்தா அன்று வீடு வீடாகப் போய் "ஓட்டுப் போடாதீர்கள்" என்று சொன்னவர்.

ஆதரவு அணியின் முதல் பேச்சாளர் தீர்மானத்தை வரையறுக்க வேண்டும். எதை வைத்து வாக்களித்திருக்க வேண்டும் என்கிறோம்? அன்று தெரிந்ததை வைத்தா, இன்று தெரிவதை வைத்தா? அந்தப் பெண், "அன்று ஒரு குடும்பத்துக்குத் தெரிந்ததை வைத்து" என்று வகுத்தாள். நியாயமான வரையறை. வரையறை அபத்தமாக இருந்தால் மட்டுமே எதிரணி அதை எதிர்க்கலாம், அதையும் தன் முதல் பேச்சிலேயே காரணம் சொல்லி, மாற்று வரையறை தந்து செய்ய வேண்டும். வரையறைச் சண்டை எனக்குப் பிடிக்காது. கேட்பவர்களுக்கு அலுப்பு, இரண்டு அணிக்கும் மதிப்பெண் இறங்கும். பெரும்பாலும் எதிராளி வரையறையை ஏற்றுக்கொண்டு, அதற்குள்ளேயே நின்று அடிப்பதுதான் நல்லது.

அந்தப் பையன் எழுந்து, கல்வியும் வீட்டு வசதியும் மருத்துவமும் அந்த அவையின் கையில்தான் இருக்கப் போகிறது, அதில் யார் உட்கார்வது என்பது சாட்ஸ்வர்த்துக்கு முக்கியம் என்று பேசினான். நான்காவது நிமிடத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவன் கையைக் காட்டி ஏற்றான். "இங்கிருந்து பக்கத்திலேயே கறுப்பின மக்கள் வாழும் உம்லாசி. அங்கே ஒருவருக்கும் ஓட்டு இல்லை. உங்கள் பள்ளிக்கூடத்துக்காக அவர்களை வெளியே நிறுத்தும் ஏற்பாட்டுக்கு நீங்கள் கையெழுத்துப் போடலாமா?" அவ்வளவுதான், பத்து விநாடி இருக்கும். நல்ல இடைக்கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும். முன்னுரை வேண்டாம், ஒரே ஒரு முள் போதும், அதுவும் அவர் பேச்சின் நடு நரம்பில்.

அவன் ஒரு கணம் காகிதத்தைப் பார்த்தான். பிறகு, "நாங்கள் வெளியே நின்றதால் உம்லாசிக்கு ஓட்டு வந்ததா? அவை நின்றுபோகவில்லை. குறைந்த வாக்குகளில் யார் யாரோ போய் உட்கார்ந்து 1994 வரை சம்பளம் வாங்கினார்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடர்ந்தான். பதிலும் பத்து விநாடிதான். இடைக்கேள்விக்கு ஒன்றரை நிமிடம் பதில் சொல்லித் தன் பேச்சையே தொலைக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் தொடர வேண்டும்.

எதிரணி மானம், ஒற்றுமை, காலியான வாக்குச் சாவடிகள் உலகுக்குச் சொன்ன செய்தி எல்லாவற்றையும் அழகாகப் பேசியது. ஆனால் "அவை நின்றுபோகவில்லை" என்ற அந்த ஒரு வாதத்தைக் கடைசிவரை யாரும் தொடவே இல்லை. அவர்களுடைய மூன்றாவது பேச்சாளர் அதை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது பேச்சாளரின் வேலையே மறுப்புத்தான். அதிலும் எதிரணியின் மூன்றாமவர் புதிய வாதம் எதையும் கொண்டுவரக் கூடாது. அதுவரை நடந்த மோதலை இரண்டு மூன்று கேள்விகளாகத் திரட்டி, ஒவ்வொன்றிலும் தன் அணி ஏன் முந்தியிருக்கிறது என்று காட்ட வேண்டும். இங்கே கேள்விகள் தெளிவாகவே இருந்தன: உள்ளே போயிருந்தால் மக்களுக்கு என்ன கிடைத்திருக்கும், வெளியே நின்றதால் என்ன கிடைத்தது. அவர் முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதிலேயே எட்டு நிமிடத்தையும் செலவழித்தார்.

விவாதம் முடிந்ததும் நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, வெற்றி யாருக்கு என்றும் எழுதிவிட வேண்டும். கலந்து பேசுவது அதன் பிறகுதான். சமநிலை என்று அறிவிக்க முடியாது. நான் எதிரணிக்குப் போட்டேன், மற்ற இருவர் ஆதரவுக்கு. 2-1. மூவர் சார்பிலும் காரணம் சொல்லும் பொறுப்பு தலைமை நடுவருடையது.

தேநீர் குடிக்கும்போது அந்தத் தாத்தா நேரே வந்தார். "அப்போ இந்தப் பிள்ளைங்க பதில் சொல்ல மறந்துட்டா, நாங்க செஞ்சது தப்புன்னு ஆயிடுமா?" என்றார். அவர் பேசியது ஆங்கிலம், கோபம் மட்டும் தமிழ். "இல்லை தாத்தா, வரலாற்றுக்கு நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை, அந்த ஒரு மணி நேரத்தில் எந்த அணி நன்றாக வாதாடியது என்பதை மட்டும்தான் சொன்னோம்" என்றேன். நடுவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் விவாதத்துக்குள் கொண்டுவரக் கூடாது. நாட்டு நடப்பு தெரிந்த, எந்தப் பக்கமும் சாயாத ஒரு சாதாரண மனிதராகத் தன்னை வைத்துக்கொண்டு, மேடையில் சொல்லப்பட்டதை மட்டும் எடைபோட வேண்டும். யு.டி.எஃப். பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் எதிரணி சொல்லாவிட்டால் அது கணக்கில் வராது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் இதே தலைப்பு. அவனை அந்தப் பக்கம் போடுங்க" என்றார். போட்டோம். ஒரே தீர்மானத்தை இரண்டு பக்கமும் பேச வைப்பதைவிட நல்ல பயிற்சி எதையும் நான் கண்டதில்லை. தன் பழைய வாதத்தைத் தானே உடைக்கும்போதுதான் அதில் எந்தக் கல் ஆடுகிறது என்று பையனுக்குத் தெரிகிறது.

மதிப்பெண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேச்சுக்கு நூறு என்று கணக்கு: பொருளுக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20. ஆனால் நடைமுறையில் 60-க்கும் 80-க்கும் இடையில்தான் போடுவார்கள், 70 என்பது சராசரிப் பேச்சு. பிள்ளை 71 வாங்கி வந்தால் திட்டாதீர்கள். தொகுப்புரைக்கு இதில் பாதி. நேரத்தைப் பங்கிடுவதும், எது முக்கியம் என்று கண்டுபிடிப்பதும் உத்தியில் சேரும். ஆறரை நிமிடத்தில் பேச்சு தீர்ந்து உட்கார்ந்துவிட்டால் அடி விழுவதும் அங்கேதான். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் இங்கே நிறைய. டர்பன் இந்திய உச்சரிப்பு என்று ஒன்று இருக்கிறது, கேட்டவுடனே தெரியும். அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று நடுவர் பயிற்சியில் சொல்லியே அனுப்புகிறார்கள்.

தொகுப்புரையை முதலாமவரோ இரண்டாமவரோதான் பேசலாம், மூன்றாமவர் கூடாது. இதில் பிள்ளைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்குகிறார்கள். நடுவர் ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது, இந்த விவாதம் எந்த இடத்தில் திரும்பியது என்பதுதான்.

தயாரித்துவரும் தீர்மானங்கள் தவிர, அந்த இடத்திலேயே அறிவிக்கும் தீர்மானங்களும் உண்டு. ஒரு மணி நேரம், பூட்டிய அறை, போன் இல்லை, பயிற்சியாளர் இல்லை. நான் கவனித்தவரை தோற்கும் அணிகள் முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுத ஆரம்பித்துவிடுகின்றன. ஆளுக்கொரு பேச்சு எழுதிக்கொண்டு வெளியே வந்தால் மூன்றும் ஒன்றையொன்று உதைக்கும். முதலில் பேனாவை வைத்துவிட்டு எதிரணி என்ன சொல்லும் என்று பேசச் சொல்லுங்கள். தீர்மானத்தின் வினைச்சொல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். "இந்த அவை தடை செய்யும்" என்றால் எப்படித் தடை செய்வோம் என்ற திட்டம் வேண்டும். "இந்த அவை வருந்துகிறது" என்றால் திட்டம் தேவையில்லை, அது இல்லாதிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட வேண்டும்.

லோட் ஷெட்டிங் மோசமாக இருந்த நாட்களில் பேச்சின் நடுவில் விளக்கு போய்விடும். நான் கடிகாரத்தை நிறுத்துவேன், நாலைந்து போன் டார்ச்சுகள் எரியும், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். காகிதத்தைப் பார்த்துப் படித்தவர்கள் யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகம் போனால் முறை மாறும். அங்கே பிரிட்டிஷ் பார்லிமென்டரி. இரண்டிரண்டு பேராக நான்கு அணிகள், அரசுப் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு. 7 நிமிடப் பேச்சு, தயாரிக்க 15 நிமிடம்தான். முதலிடத்துக்கு 3, பிறகு 2, 1, 0 என்று புள்ளிகள். பின்னால் பேசும் அணி தன் பக்கத்து முன் அணியோடு முரண்படக் கூடாது, ஆனால் அதைவிடப் புதிதாக ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். பள்ளியில் நன்றாகப் பேசிய பிள்ளைகள் முதல் வருடம் இதில்தான் திணறுகிறார்கள். 2019-இல் உலகப் பல்கலைக்கழகப் போட்டி கேப் டவுனில் நடந்தது. அதன் இறுதிச் சுற்று இணையத்தில் கிடைக்கிறது, ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பார்வையாளராகப் போனால் பின்னால் உட்காருங்கள், தலையாட்டாதீர்கள், பிள்ளைக்குச் சைகை காட்டாதீர்கள். தோற்றால் நடுவரிடம் "ஏன் தோற்றோம்" என்று கேட்கச் சொல்லாமல், "எங்களுடைய எந்த வாதம் உங்களுக்கு எட்டவில்லை, அவர்களுடைய எந்த வாதத்தை நாங்கள் விட்டுவிட்டோம்" என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு நடுவர் சமாதானம் சொல்வார், இரண்டாவதற்குத்தான் உருப்படியான பதில் வரும். ஜனவரி, பிப்ரவரியில் காவடி வேறு வரும். விரதம் இருக்கும் பிள்ளை இருந்தால் அட்டவணை போடுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊரில் போட்டிகளே இல்லையென்றால் வீட்டில் மூன்று பேர் போதும். ஒருவர் நான்கு நிமிடம் பேசட்டும், இரண்டாமவர் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், மூன்றாமவர் நேரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும். அப்புறம் இடம் மாறுங்கள். தீர்மானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "புகைபிடித்தல் தீது" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. இங்கே நாங்கள் அடிக்கடி எடுக்கும் ஒன்று: தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே தமிழ் வகுப்புகளைச் சமூகச் சங்கங்களிடமிருந்து அரசுப் பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்மானம். அதை எதிர்த்து நான் கேட்ட வலுவான வாதம், வாரக் கடைசியில் தமிழ் வகுப்புக்குப் போகும் ஒரு பெண் சொன்னது. அரசிடம் கொடுத்தால் இத்தனை மாணவர் இருந்தால்தான் வகுப்பு என்று கணக்குப் பார்ப்பார்கள், எங்கள் வகுப்பில் நாங்கள் நாலே பேர், அந்தக் கணக்கில் முதல் வருடமே மூடிவிடுவார்கள் என்றாள். ஆதரவு அணியிலிருந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.